அண்டை வீட்டாரின் பொறுமை

வீடு கட்டுதல் இல்லறத்தார்க்கு உரிய நற்செயல்களுள் ஒன்று. அச்செயல் ஓசையின்றியும் தூசியின்றியும் நிகழ்வதில்லை. பள்ளம் தோண்டாமல் கடைக்கால் இல்லை. கடைக்கால் இல்லாமல் சுவர் இல்லை. இன்று நாம் அமைதியாக அமர்ந்து உண்ணும் வீடும், ஒரு காலத்தில் பக்கத்து வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தே எழுந்தது. ஆதலின், அருகில் ஒருவர் மனை எழுப்பும்போது அதனால் விளையும் இடையூறுகளைப் பொறுத்துக்கொள்வதை நாம் பிறர்க்கு அளிக்கும் சலுகையாகக் கருதலாகாது. முன்னரே பெற்றுக்கொண்ட ஒன்றைத் திருப்பிச் செலுத்தும் கடனாகவே அதனைக் கொள்ள வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஐயம் எழுவது அடுத்த படியில்தான். அக்கடனுக்கு ஓர் எல்லை உண்டா? ஒன்றரை ஆண்டில் முடியும் என்று தொடங்கிய கட்டடம் எட்டு ஆண்டுகள் கடந்தும் முடியாமல் நின்றால், பக்கத்து வீட்டார் எதுவரை பொறுத்திருக்கக் கடமைப்பட்டவர்? குரல் எழுப்பினால் அவர் பொறுமை இழந்தவர் ஆவாரா? வாளாவிருந்தால் அவர் பொறுமையாளர் ஆவாரா, அல்லது தீங்குக்கு உடந்தை ஆவாரா? நகரங்களில் வாழும் நம்மில் பலரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முன்னாளில் இருந்த முறை

சிற்றூர்களில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால் தெருவே அதில் பங்குகொள்ளும். மணலும் செங்கல்லும் தெருவில் குவியும். பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் போகும். எதிர்வீட்டுத் திண்ணையில் கொத்தனாரும் சித்தாளும் நண்பகலில் இளைப்பாறுவர். எவரும் இதற்குக் கூலி கேட்டதில்லை. புதுமனை புகுவிழா அன்று அண்டை வீட்டாரை முதற்பந்தியில் அமர்த்தி உணவிட்டு அவர்களுக்கு நன்றி செலுத்தப்பட்டது.

இம்முறையில் மூன்று செய்திகள் அடங்கியிருந்தன. கட்டுபவர் இன்னார் என்பது தெரியும். அவர் நம் அருகிலேயே வாழப் போகிறவர் என்பதும் தெரியும். வேலை என்றேனும் ஒருநாள் முடியும் என்பதும் தெரியும். இம்மூன்றும் தெரிந்திருந்தமையால் பொறுமை எளிதாயிற்று. முடிவு தெரிந்த துன்பத்தை மனிதமனம் தாங்கிக்கொள்ளும். பரீட்சைக்குப் படிக்கும் சிறுவனும், பத்தியம் காக்கும் நோயாளியும் நாளை எண்ணியே நாளைக் கழிக்கின்றனர். எண்ணுவதற்கு ஒரு நாளே இல்லாவிடில், சிறு துன்பமும் பெருஞ்சுமையாகும்.

இன்றைய அடுக்குமாடிக் கட்டடத்தில் அம்மூன்றும் மறைந்துவிட்டன. நிலத்திற்கு உரியவர் ஒருவர். கட்டும் நிறுவனம் மற்றொன்று. குடிவரப்போகிறவர்கள் முகமறியாத பலர். யாரிடம் கேட்பது என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

நின்றுபோன கட்டடம் செய்யும் தீங்கு

சென்னையின் தென்புறநகரில் நான் வாழும் தெருவில் ஒரு கட்டடம் உண்டு. கிணறும் நான்கு தென்னைகளும் இருந்த பழைய ஓட்டுவீடு அது. 2016-ஆம் ஆண்டில் இடித்தார்கள். பதினெட்டு மாதங்களில் ஐந்து மாடி எழும் என்றார்கள். மூன்று தளங்கள் எழுந்தபின் 2018-இன் இறுதியில் வேலை நின்றது. மறு ஆண்டு சில மாதங்கள் நடந்தது. 2020 மார்ச்சு மாதப் பொதுமுடக்கத்தில் மீண்டும் நின்றது. பின்னர் மூன்று ஆண்டுகள் கழித்துத் தொடங்கி, இன்றும் விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறது. தொடங்கியபோது பக்கத்து வீட்டில் பள்ளிக்குச் சென்ற சிறுமி இப்போது கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். அவளுடைய பாட்டியார் இழுப்பு நோயினர். ஆண்டுக்கணக்கில் சன்னலைத் திறவாமலே வாழ்ந்து, அச்சன்னல் திறக்கப்படும் நாளைக் காணாமலே காலமானார்.

வேலை நடக்கும்போது வரும் துன்பங்கள் எல்லோரும் அறிந்தவை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறியின் அதிர்ச்சி, கம்பி அறுக்கும் ஓசை, கான்கிரீட் கலவை வண்டியின் இரைச்சல், துணியிலும் தட்டிலும் படியும் சிமெண்டுத் தூள் ஆகியவை அவை. வேலை நின்றபின் வரும் துன்பங்களோ ஓசையற்றவை. ஆதலின் அவற்றை எவரும் பேசுவதில்லை. மின்தூக்கிக்காகத் தோண்டிய குழியில் மழைநீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். அப்படியாயின் எட்டு மாதம் கேட்பாரற்றுக் கிடக்கும் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. வானை நோக்கி நிற்கும் கம்பிகள் துருவேறுகின்றன. கட்டிய மூங்கிற் சாரம் வெயிலிலும் மழையிலும் நைந்து, காற்றடிக்கும் இரவுகளில் பக்கத்து மாடியின்மேல் சாயுமோ என்ற அச்சத்தைத் தருகிறது. அடித்தளம் தோண்டியபோது விரிந்த சுற்றுச்சுவரின் வெடிப்பை யார் பூசுவது என்பதற்கு விடை இல்லை. தெருவோரம் கொட்டிய ஜல்லியில் இருசக்கர வண்டிகள் சறுக்குகின்றன.

நடக்கும் வேலையைக் குறித்து முறையிட்டால் கேட்பதற்கு ஒரு மேஸ்திரியாவது இருப்பார். நின்றுபோன வேலையில் அவரும் இல்லை. பூட்டிய தகரக் கதவே எஞ்சுகிறது.

தாமதம் எல்லாம் குற்றமா?

சினம் கொண்ட மனம், தாமதத்தின் பின்னால் எப்போதும் ஓர் ஏமாற்றுக்காரனைத் தேடும். உண்மை அவ்வளவு எளிதன்று. நிலத்துக்கு உரியவருக்கும் கட்டுபவருக்கும் பங்கு பிரிப்பதில் வழக்கு நேரலாம். வங்கிக் கடன் நின்றுபோகலாம். மணல், கம்பி ஆகியவற்றின் விலை கணக்கை மீறலாம். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை மீறிக் கட்டியதால் அதிகாரிகள் நிறுத்தியிருக்கலாம். ஒரு திட்டத்துக்காக வாங்குவோர் செலுத்திய பணம் வேறொரு திட்டத்துக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். இவற்றுள் சில விபத்துகள், சில கவனக்குறைவுகள், சில மட்டுமே வஞ்சகம்.

இது ஒரு தெருவின் நிலை மட்டும் அன்று. இடையில் நின்றுபோன குடியிருப்புத் திட்டங்களை முடிப்பதற்காக 2019 நவம்பரில் மத்திய அரசு 25,000 கோடி ரூபாய் அளவிலான ஒரு சிறப்பு நிதியை அறிவித்தது. அப்போது நின்றுகிடந்தனவாகச் சொல்லப்பட்டவை 1,600-க்கும் மேற்பட்ட திட்டங்கள். அவற்றில் ஏறத்தாழ 4.58 லட்சம் வீடுகள். வீடுகளை எண்ணினார்கள், வாங்கியவர்களை எண்ணினார்கள். அத்திட்டங்களின் சுவரோரம் வாழ்ந்த குடும்பங்களை எவரும் எண்ணவில்லை. ஏனெனில் அவர்கள் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

கணக்கில் வராதவர்

கட்டட மனைத் தொழிலை ஒழுங்குபடுத்த 2016-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் முதன்மையான பிரிவுகள் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. சொன்ன நாளில் வீட்டை ஒப்படைக்காவிடில், விலக விரும்பும் வாங்குநர் பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். விலகாதவர், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம் என்று அதன் 18-ஆம் பிரிவு கூறுகிறது. இது நல்ல ஏற்பாடு. பணம் கொடுத்தவரின் காலத்துக்கு விலை உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது.

பக்கத்து வீட்டார் பணம் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இடவில்லை. ஆகவே தாமதத்துக்கான வட்டி அவருக்கு இல்லை. ஆயினும், வாங்கியவர் இழந்த அதே ஆண்டுகளை அவரும் இழந்திருக்கிறார். வாங்கியவர் தாம் எதிர்பார்த்த வீட்டை இழந்தார். இவரோ தாம் குடியிருக்கும் வீட்டிலேயே வீட்டை இழந்தார்.

களவு என்பதற்கு நம் முன்னோர் வகுத்த இலக்கணம் மிகவும் நுட்பமானது. கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்றனர். பொன்னையும் பொருளையும் மட்டும் மனத்திற்கொண்டு இதைப் படித்தால் பாதியே விளங்கும். பக்கத்து வீட்டார் ஒன்றரை ஆண்டுப் பொறுமையைக் கொடுத்தார். அது அவர் மனமுவந்து அளித்த கொடை. அதற்குமேல் ஆறரை ஆண்டுகளை அவரைக் கேளாமலும், அவருக்கு ஒரு சொல் சொல்லாமலும் எடுத்துக்கொண்டால், அது கொடுக்கப்படாததைக் கொண்டதே ஆகும். எடுத்தவர் கையில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இழந்தவரிடம் ஒன்று குறைந்திருக்கிறது. தாமதம் தன்னளவில் பழியாகாமல் போகலாம். தாமதத்தைச் சொல்லாமல் மறைப்பதும், நிற்கும் கட்டடத்தைக் காவாது விடுவதும் பழியே.

பொறுமை எது, செயலின்மை எது?

"பொறுத்தார் பூமி ஆள்வார், விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் எல்லாத் தெருவிலும் உண்டு. இவ்வறிவுரையில் ஒரு பகுதியே உண்மை. தனக்கு வந்த துன்பத்தைச் சினமின்றித் தாங்குதல் பொறுமை. பிறர்க்கு வரும் துன்பத்தைக் கண்டும் பேசாதிருப்பதற்கு அப்பெயரைச் சூட்டலாகாது. இரைச்சலால் எனக்கு உறக்கம் கெட்டால் நான் பொறுக்கலாம். மூச்சுத்திணறும் மூதாட்டிக்காகவும், மூடாத குழியருகே பந்து விளையாடும் பிள்ளைக்காகவும் நான் பொறுப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. அவர்களுடைய பொறுமை என் கொடைப்பொருள் அன்று.

பொறுமை உள்ளத்தைச் சார்ந்தது. முறையீடு செயலைச் சார்ந்தது. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் இயலும். பகைமை இல்லாமல் மனு எழுதலாம். வசைச்சொல் இல்லாமல் வழக்காடலாம். சட்டமும் இதற்குச் சில வழிகளைத் தந்துள்ளது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்துள்ளன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஓசை எழுப்பும் கட்டுமானப் பொறிகளை இயக்கலாகாது என 2010-இல் அவ்விதிகளில் சேர்க்கப்பட்டது. பொதுமக்களுக்குத் தொல்லை தருவனவற்றை நீக்கவும், பாதையோரப் பள்ளங்களுக்கு வேலியிடச் செய்யவும் மாவட்ட, கோட்ட அளவிலான நிர்வாக நடுவர்களுக்கு அதிகாரம் உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது.

பொறுமையும் முறையீடும் சேர்ந்து நடந்தமைக்கு ஒரு சான்று அண்மைக் காலத்தில் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் நொய்டா நகரில் எமரால்டு கோர்ட் என்னும் குடியிருப்பின் அருகே ஏபெக்ஸ், சேயான் என்ற இரு கோபுரக் கட்டடங்கள் எழும்பின. பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையே இருந்த தொலைவு 9 மீட்டரே. குடியிருப்போர் சங்கம் 2012-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தை நாடியது. 2014 ஏப்ரலில் இடிக்குமாறு ஆணை பிறந்தது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 2021 ஆகஸ்டு 31 அன்று அதனை உறுதிசெய்தது. 2022 ஆகஸ்டு 28 அன்று சுமார் 3,700 கிலோ வெடிமருந்தைக் கொண்டு, சில நொடிகளில் இரண்டும் தகர்க்கப்பட்டன. கோபுரங்களில் வீடு வாங்கியோர்க்கு 12 விழுக்காடு வட்டியுடன் பணத்தைத் திருப்பவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இதனைப் பலர் வெற்றிக் கதையாகச் சொல்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. "எங்கள் சன்னலுக்கு மிக அருகில் இருக்கிறது" என்று ஒருவர் சொன்ன உண்மை நிலைபெறப் பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்துணைச் சிமெண்டு, எத்துணைக் கம்பி, எத்துணை மனிதரின் உழைப்பு மண்ணாயிற்று! அவர்கள் அதே நிறுவனத்திடம் வீடு வாங்கியவர்கள் என்பதும், அவர்தம் சம்மதம் பெறப்படாமையும் வழக்குக்கு வலிமை சேர்த்தன. எவ்வகை ஒப்பந்தமும் இல்லாத அண்டை வீட்டாருக்கு அவ்வலிமையும் இல்லை. ஆயினும் அவர்கள் கல்லெறியவில்லை. கணக்கும் வரைபடமும் ஏந்தி நின்றார்கள். பாராட்டத்தக்கது அதுவே.

அண்டை வீட்டாருக்கும் கடமை உண்டு

துன்பப்படுவோர் என்பதாலேயே நாம் அறவோர் ஆகிவிட மாட்டோம். நம் சினம் பெரும்பாலும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளவர்மீதே பாய்கிறது. தொலைபேசியை எடுக்காத உரிமையாளரை நம்மால் ஏச முடியாது. காலையில் கலவை போடும் சித்தாளை ஏசிவிடுகிறோம். அத்தூசியை நாம் சன்னல் வழியே சுவாசிக்கிறோம். அவர் அதன் நடுவிலேயே நின்று சுவாசிக்கிறார். வேலை நின்றால் நமக்கு அமைதி, அவருக்குப் பட்டினி. 2014 சூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, உயிரிழந்தோருள் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளிகள். அருகே நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2-இல் தகர்க்கப்படும் வரை அப்பகுதி மக்கள் அதன் நிழலில் அஞ்சி வாழ்ந்தனர் என்பதும் உண்மை. ஆகவே தொழிலாளியும் அண்டை வீட்டாரும் ஒரே தீங்கின் இரு பக்கத்தில் நிற்பவர்கள், பகைவர் அல்லர்.

அவ்வாறே வீடு வாங்கியவரும் நம் பகைவர் அல்லர். அவர் வாடகையும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு எங்கோ காத்திருக்கிறார். என்றேனும் குடிவந்தபின் அவர்தாம் நம் அண்டை வீட்டார். அவர்கள்மீது இன்று வளர்க்கும் காழ்ப்பு நாளை நம் தெருவிலேயே முளைக்கும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். முறையீட்டை விலைபேசும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. மனு அளிப்பதும், ஒரு தொகை கைக்கு வந்ததும் மனுவைத் திரும்பப் பெறுவதும் அவ்வழக்கம். சுவர் வெடிப்பைச் சீர்செய்யக் கேட்பது நியாயம். குழியை மூடாமலே விட்டுவிட இசைந்து பணம் பெறுவது, தெருவின் பிள்ளைகளுக்கு உரிய பாதுகாப்பை நாம் விற்பதாகும்.

நிலம் கொடுத்தவரின் பொறுப்பு

இக்கட்டுரையைப் படிப்போருள் பழைய வீட்டை இடித்துக் கூட்டு முயற்சியில் அடுக்குமாடி எழுப்பக் கொடுத்தவர்களும், கொடுக்க எண்ணியிருப்போரும் இருப்பர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் எழுதியதும் நீங்கள் வேறு தெருவில் வாடகைக்குச் சென்றுவிடுவீர்கள். பழைய தெருவிலிருந்து ஒருவர் வந்து குறை சொன்னால் "பில்டரைக் கேளுங்கள்" என்று கூறுவது எளிது. ஆனால் அத்தெருவினர் பொறுத்துக்கொள்ள இசைந்தது நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்காக அன்று. முப்பது ஆண்டுகள் உங்களோடு பழகிய உறவுக்காகவே இசைந்தனர். உங்கள் பெயரால் பெறப்பட்ட பொறுமைக்கு நீங்களே பொறுப்பாளர்.

அப்பொறுப்பை நிறைவேற்றப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வேலை தொடங்குமுன் அண்டை வீடுகளுக்குச் சென்று முடியும் நாளைச் சொல்லுங்கள். அந்நாள் தள்ளிப்போனால் அவர்கள் கேட்குமுன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேலை செய்யும் நேரம், தேங்கும் நீர், திறந்த குழி, சாரம், பக்கத்துச் சுவர் ஆகியவற்றைப் பற்றிய விதிகளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்; வேலை நின்றாலும் காவலும் துப்புரவும் நிற்கலாகாது என்பதை அதில் சேருங்கள். மாதம் ஒருமுறை அந்த மனையை நேரில் சென்று பாருங்கள். இவற்றுள் எதுவும் கட்டடத்தை விரைவுபடுத்தாது. ஆனால் காத்திருப்பவரை மனிதராக மதித்ததாகும்.

எங்கள் தெருவில் ஒருமுறை அவ்வாறு நிகழ்ந்தது. மூன்றாண்டு மௌனத்துக்குப்பின் நிலத்துக்கு உரியவரின் மகன் வந்து, பணமுடையையும் வழக்கையும் ஒளிவின்றி எடுத்துரைத்து, தம் செலவில் குழியை மூடச் செய்தார். கட்டடம் ஓரங்குலமும் உயரவில்லை. எனினும் அன்று முதல் தெருவில் ஏச்சுகள் குறைந்தன. பொறுமை என்பது வற்றிப்போன ஊற்று அன்று, மதிப்பாரற்று மூடிக்கிடந்த ஊற்றே என்பதை அன்று கண்டோம்.

ஆதலின் வினாவுக்கு விடை இதுவாகும். அண்டை வீட்டார் பொறுக்கக் கடமைப்பட்டவரே. அக்கடமை, கட்டுபவர் சொல்லும் உண்மையோடும் காட்டும் கவனத்தோடும் பிணைந்தது. உண்மையும் கவனமும் உள்ளவரை நாட்கள் நீண்டாலும் பொறுப்போம். அவை இரண்டும் அற்றபோது, உள்ளத்தில் பகையின்றி, கையில் மனுவுடன் எழுந்து நிற்போம். நாம் கட்டும் நாள் வரும்போது, பக்கத்துச் சன்னலுக்குப் பின்னால் ஓர் உயிர் மூச்சுவிடுகிறது என்பதை மறவாதிருப்போமாக.